சூயி மேல் விழுந்த நிலா

“அது லெஜெண்ட்ஸ், மாமா. செல்லாது.”

அக்கா பையன் இப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது. ஸ்டார் வார்ஸ் என்ற விண்வெளிக் கதை வரிசையில் 2023இல் வந்த ‘அசோகா’ தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீல முகமும் சிவந்த கண்களுமாக த்ரான் என்ற தளபதி திரையில் வந்து நின்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். “இவரை நீ பொறக்குறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்டா” என்று ஆரம்பித்தேன். 1991இல் டிமதி ஸான் எழுதிய நாவலில் இவர் முதன்முதலில் தலைகாட்டியது, மூன்றாவது நாவலில் சொந்த மெய்க்காப்பாளன் கையாலேயே செத்தது வரை சொல்லி முடித்தேன். பையன் ரிமோட்டைக் கூடக் கீழே வைக்கவில்லை. தீர்ப்பு வந்துவிட்டது.

செல்லாது. மளிகைக் கடைக்காரர் கிழிந்த நோட்டைத் திருப்பி நீட்டும்போது சொல்கிற அதே சொல். யோசித்துப் பார்த்தால் அவன் சரியான சொல்லைத்தான் பிடித்திருக்கிறான். செல்லாத நோட்டைக் கள்ள நோட்டு என்று யாரும் சொல்வதில்லை. ஒரு காலத்தில் அதைக் கொடுத்து அரிசி வாங்கியிருக்கிறோம், பஸ் ஏறியிருக்கிறோம்.

நான் அரிசி வாங்கிய நோட்டு ஒன்று உண்டு. 2001 வாக்கில் எங்கள் தெருமுனை லெண்டிங் லைப்ரரியில் எடுத்த ‘வெக்டர் பிரைம்’. ஆர்.ஏ. சால்வடோர் எழுதி 1999இல் வந்த நாவல். முதுகில் ஒட்டிய செல்லோடேப் மஞ்சளடித்துப் போயிருந்தது. உள்ளே வேறு பால்வெளியிலிருந்து படையெடுத்து வந்த ஒரு கூட்டம் செர்ன்பிடால் என்ற கோளின் நிலாவையே இழுத்து அதன்மேல் போடுகிறது. படங்களின் நாயகர்களில் ஒருவரான ஹான் சோலோவும், அவர் கடைசி மகன் அனகினும், ஹானின் கூட்டாளியான, உடம்பெல்லாம் ரோமம் மூடிய நம் சூபாக்காவும் (செல்லமாகச் சூயி) முடிந்தவரை மக்களைக் கப்பலில் ஏற்றுகிறார்கள். கடைசி நேரத்தில் சூபாக்கா பையனைத் தூக்கிக் கப்பலுக்குள் எறிந்துவிட்டுத் தான் மட்டும் கீழே மாட்டிக்கொள்கிறார். கப்பலை ஓட்டுவது அந்தப் பையன். திரும்பிப் போனால் எல்லோரும் சாவார்கள் என்று கணக்குப் போட்டு, கப்பலை மேலே திருப்பிவிடுகிறான். கீழே, இடிபாடுகளுக்கு நடுவே, விழுகிற நிலாவைப் பார்த்து இரண்டு கையையும் உயர்த்தி உறுமியபடி நிற்கிறார் சூயி. அப்பன் மகனை மன்னிக்கவில்லை. அடுத்தடுத்த நாவல்களிலும் அந்த வடு ஆறாமல் கிடந்தது.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது நூலகக்காரரிடம் “சூபாக்கா செத்துட்டார் சார்” என்றேன். அவர் ரெண்டு நாள் தாமதத்துக்கு அபராதம் போட்டார்.

பதினான்கு ஆண்டு கழித்து, 2015 டிசம்பரில், ஏழாவது படத்தில் ஹானும் சூயியும் அந்தப் பழைய கப்பலுக்குள் காலெடுத்து வைத்தபோது தியேட்டரே விசிலடித்தது. நானும்தான். அந்த விசிலுக்கு நடுவில் ஒரு வினாடி, ‘அப்போ அந்த நிலா?’ என்று ஓடியது. பதில் எனக்கு முன்பே தெரியும். 2012இல் டிஸ்னி நிறுவனம் லூகாஸ்ஃபிலிமை 405 கோடி டாலருக்கு வாங்கியது. 2014 ஏப்ரல் 25 அன்று அறிவிப்பு வந்தது: அதுவரை வந்த ஆறு படங்களும் ‘குளோன் வார்ஸ்’ கார்ட்டூனும், இனிமேல் வரப்போகிறவையும்தான் கேனன், அதாவது அதிகாரபூர்வமாகச் செல்லும் கதை. முன்பு வந்த நாவல்கள், காமிக்ஸ், விளையாட்டுகள் எல்லாம் ‘லெஜெண்ட்ஸ்’, அதாவது பழங்கதை. இனி அட்டையில் ‘லெஜெண்ட்ஸ்’ என்று ஒரு பட்டை போட்டு விற்போம், யாரும் படிக்கலாம், ஆனால் எங்களைக் கட்டுப்படுத்தாது. நிலாவும் பட்டைக்குள் போய்விட்டது.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் கம்பெனியில் இந்த விவகாரங்களுக்குப் பொறுப்பான லீலண்ட் சீ என்பவர் பின்னாளில் ஒரு பேட்டியில், இந்த முடிவு தன்னைப் பொறுத்தவரை சூபாக்காவில்தான் வந்து நின்றது என்றார். நாவல்களில் யாரையாவது கொல்ல வேண்டும் என்று பதிப்புத் துறை நினைத்ததாம். உறுமல் மட்டுமே பேசும் ஒருவரை வைத்து நாவலில் வசனம் எழுதுவது சிரமம், ஆகவே சூயி மாட்டினார். ஆனால் திரையில் உறுமல்தானே அழகு. சூயியை மறுபடி படத்தில் கொண்டுவர வாய்ப்பு இருக்கும்போது, அச்சில் விழுந்த ஒரு நிலாவுக்காக அதை விட்டுவிட முடியுமா?

காகிதத்தில் எழுதச் சிரமம் என்று செத்தவர், திரையில் காட்டச் சுலபம் என்று பிழைத்தார். கேனன் எப்படித் தீர்மானமாகிறது என்று யாராவது கேட்டால் இந்த ஒரு கதையைச் சொல்லிவிட்டு நான் எழுந்து போய்விடுவேன்.

கேனன் என்ற சொல்லே கோயிலிலிருந்து வந்ததுதான். கிறிஸ்தவ வேதத்தில் எந்த நூல் சேரும், எது சேராது என்ற பட்டியலுக்கு அந்தப் பெயர். தமிழில் அதற்கு அருமையான சொல் இருக்கிறது, திருமுறை. கத்தோலிக்கர்களின் தமிழ் பைபிளைப் புரட்டினால் தோபித்து, யூதித்து போன்ற நூல்களுக்கு ‘இணைத் திருமுறை’ என்று தலைப்பே போட்டிருக்கும். ஒரு சபைக்குச் செல்லும், இன்னொன்றுக்குச் செல்லாது. இந்தச் சொல்லைக் கதைப் பக்கம் இழுத்து வந்தவர்களில் முக்கியமானவர் ரோனல்ட் நாக்ஸ். பிற்பாடு கத்தோலிக்கக் குருவான இவர், வேத ஆராய்ச்சியாளர்களைக் கிண்டல் செய்ய 1911இல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை அதே பாணியில் ஆராய்ந்து ஒரு கட்டுரை படித்தார். கேலி நின்றுபோய், பாணி மட்டும் தங்கிவிட்டது. ஹோம்ஸ் ரசிகர்களுக்கு இன்றும் 56 சிறுகதையும் 4 நாவலும் சேர்ந்த அறுபதுதான் கேனன்.

ஹோம்ஸ் விஷயத்தில் எழுதியவர் ஒருவர், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பட்டியல் முடிந்துவிட்டது. ஸ்டார் வார்ஸ் அப்படியா? முதல் படம் வந்த 1977இலேயே காமிக்ஸ் ஆரம்பித்துவிட்டது. அடுத்த படம் எப்படிப் போகும் என்று யாருக்கும் தெரியாது. 1978இல் ஆலன் டீன் ஃபாஸ்டர் எழுதிய தொடர்ச்சி நாவலில் நாயகன் லூக்குக்கும் இளவரசி லேயாவுக்கும் நடுவே மெல்லிய காதல் வாடை அடிக்கும். 1983இல் மூன்றாவது படம் வந்து, இருவரும் இரட்டைப் பிறவிகள் என்று போட்டு உடைத்தது. அண்ணன் தங்கை முறை! நம் வீட்டுப் பாட்டிகள் அந்த நாவலைப் படித்திருந்தால் அன்றைக்கே அடுப்பில் போட்டிருப்பார்கள்.

இன்னொரு பக்கம், இந்தப் பக்கவாட்டு எழுத்துகள்தான் படங்களுக்குத் தெரியாத வேலையைச் செய்தன. முதல் படத்து மதுக்கடைக் காட்சியில் விதவிதமான ஜந்துக்கள் உட்கார்ந்திருக்கும் இல்லையா? பொம்மைக் கம்பெனி அவற்றுக்கு ‘சுத்தியல் தலை’, ‘வால்ரஸ் மனிதன்’ என்கிற ரீதியில் பெயர் வைத்து விற்றது. 1987இல் வெஸ்ட் எண்ட் கேம்ஸ் என்ற விளையாட்டு நிறுவனம் பகடை உருட்டி ஆடும் ஆட்டத்துக்காகக் கையேடுகள் போட்டபோதுதான் அந்த ஜாதிகளுக்கெல்லாம் முறையான பெயரும் ஊரும் கிடைத்தன. பிறகு டிமதி ஸான் த்ரான் நாவலை எழுத உட்கார்ந்தபோது, குறிப்புக்காக அவர் கைக்கு வந்தவை அந்தக் கையேடுகளே. ஸான் தன் பங்குக்குப் பேரரசின் தலைநகரக் கோளுக்குக் ‘கோரஸண்ட்’ என்று பெயர் வைத்தார். 1999இல் ஜார்ஜ் லூகாஸ் தன் படத்தில் அதே பெயரையே வைத்துக்கொண்டார். பணியாள் பிள்ளைக்கு வைத்த செல்லப் பெயரை முதலாளி ரேஷன் கார்டில் ஏற்றிய மாதிரி.

இத்தனையையும் யாராவது கணக்கு வைக்க வேண்டுமே. அங்கேதான் மேலே சொன்ன லீலண்ட் சீ வருகிறார். 2000இல் அவருக்குக் கிடைத்த வேலை ஒரு தரவுத்தளம் அமைப்பது. பெயர் ஹாலக்ரான். கதையில் ஜெடாய்கள் என்ற வீரத் துறவிகள் அறிவைச் சேமித்து வைக்கும் பளிங்குக் கட்டியின் பெயர் அது. நிஜத்தில் ஃபைல்மேக்கர் மென்பொருளில் ஓடிய ஓர் அட்டவணை. ஒவ்வொரு ஆள், கோள், கப்பல், ஆயுதம், சண்டைக்கும் ஒரு பதிவு. அப்படிப் பல்லாயிரம்.

இதைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நானும் அதே ஜாதிதான். ஒரு உதிரிபாகக் கிடங்கில் மாஸ்டர் டேட்டா பார்க்கிறேன். ஒரே பேரிங் மூன்று பெயரில், நாலு கோடில் உள்ளே வரும். ஒருத்தர் அளவை மில்லிமீட்டரில் போட்டிருப்பார், இன்னொருத்தர் அங்குலத்தில். எது சரி என்று முடிவு செய்வது என் வேலை. முதல் வாரமே மேனேஜர் சொல்லிக் கொடுத்த பாடம்: பழைய கோடை ஒருநாளும் அழிக்காதே. பழைய பில்கள் அதைக் கைகாட்டிக்கொண்டிருக்கும். ‘இன்ஆக்டிவ்’ என்று ஒரு டிக் போட்டுவிட்டு நகர்ந்துவிடு. லெஜெண்ட்ஸ் பட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த டிக்தான் ஞாபகம் வரும்.

சீயின் அட்டவணையில் ஒரு பத்திக்கு மட்டும் நான் தனியாக வணக்கம் வைக்க வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எழுத்து. ‘ஜி’ என்றால் ஜார்ஜ், அதாவது லூகாஸின் படங்கள், அவர் வாயால் சொன்னவை. ‘டி’ தொலைக்காட்சி. ‘சி’ தொடர்ச்சி, நாவல்களும் காமிக்ஸும் பெரும்பாலும் இங்கே. ‘எஸ்’ இரண்டாம் தரம், பழைய சரக்கு, வேண்டுமானால் எடுக்கலாம், விடலாம். ‘என்’ கணக்கிலேயே கிடையாது. கீழே இருப்பது மேலே இருப்பதோடு மோதும்வரை செல்லும். மோதினால் மோதிய இடம் மட்டும் விழும், மீதி அப்படியே நிற்கும். ஒரு நாவலில் முப்பதாம் பக்கம் செல்லாமல் போய் முப்பத்தொன்றாம் பக்கம் செல்லுபடியாகலாம். எது நடந்தது, எது நடக்கவில்லை என்ற கேள்விக்குள்ளேயே அந்தப் பத்தி போகாது. யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்ளும். மாட்டு வண்டி, லாரி, ஆம்புலன்ஸ்.

வழிவிட்டவர்களுக்கு வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கரன் டிராவிஸ் என்ற நாவலாசிரியர் மாண்டலோரியப் போர்வீரர்களுக்கு ஒரு மொழி, வீட்டு வழக்கம், தத்தெடுக்கும் முறை என்று ஒரு சமூகத்தையே கட்டியெழுப்பினார். அந்த மொழியை உட்கார்ந்து கற்ற ரசிகர்கள் உண்டு. ‘குளோன் வார்ஸ்’ கார்ட்டூன் அந்தக் கோளைப் போரைக் கைவிட்ட சமாதானக்காரர்களின் ஊராகக் காட்டத் தீர்மானித்தது. ‘டி’க்கு முன் ‘சி’ ஒதுங்க வேண்டும். அவர் எழுதிக்கொண்டிருந்த வரிசையைப் பாதியில் நிறுத்திவிட்டு விலகினார். அடுத்த புத்தகம் வரவே இல்லை. ஆனால் அவருக்கு விதி முன்பே தெரியும். மேலே ஒருவர் இருக்கிறார், அவர் எப்போது வேண்டுமானாலும் கலைப்பார் என்று தெரிந்துதான் எல்லோரும் எழுதினார்கள். லூகாஸே தன் படங்கள் ஓர் உலகம், இந்தப் புத்தகங்கள் வேறோர் உலகம் என்று வெளிப்படையாகச் சொல்லி வந்தவர்.

மேலே இருப்பவராவது நிலையாக இருந்தாரா என்றால், அதுவும் இல்லை. மதுக்கடையில் ஹான் சோலோ தன்னைப் பிடிக்க வந்த கிரீடோவைச் சுடும் காட்சி 1977இல் ஒரு மாதிரி: ஹான் மட்டும் சுடுவார். 1997இல் லூகாஸ் மாற்றினார்: கிரீடோ முதலில் சுட்டுக் குறி தவறுவான். 2004 டிவிடியில் ஏறக்குறைய இருவரும் ஒரே நேரத்தில். 2019இல் டிஸ்னியின் ஓடிடியில் வந்த பிரதியில் கிரீடோ சாகும் முன் ‘மக்லங்கி’ என்று ஒரு சொல்லை வேறு உதிர்க்கிறான். அதற்கு என்ன அர்த்தம் என்று விவாதித்து மண்டை உடைத்துக்கொண்டவர்களில் அடியேனும் ஒருவன். திருமுறையிலேயே பாடபேதம் என்றால் உரைகாரன் என்ன செய்வான்?

ஸ்டார் ட்ரெக் என்ற இன்னொரு விண்வெளித் தொடரில் இதைவிட மௌனமாக ஒரு கூத்து நடந்தது. 1966இல் வந்த ஆரம்ப எபிசோட் ஒன்றில், கேப்டன் கிர்க்குக்காகத் தோண்டி வைத்த கல்லறையில் பெயர் பொறித்திருக்கும்: ஜேம்ஸ் ஆர். கிர்க். பிறகு அவர் ஜேம்ஸ் டி. கிர்க் ஆகிவிட்டார். அந்த ‘டி’ என்ன என்பது 1973-74இல் வந்த கார்ட்டூன் தொடரில்தான் முதலில் சொல்லப்பட்டது: டைபீரியஸ். எண்பதுகளின் கடைசியில், கர்த்தாவான ஜீன் ராடன்பெரியின் அலுவலகம் அந்தக் கார்ட்டூன் தொடரே கணக்கில் இல்லை என்று ஒதுக்கியது. தொடர் போய்விட்டது, டைபீரியஸ் போகவில்லை. 1991இல் வந்த ஆறாவது படத்தில், நீதிமன்றத்தில் அந்தப் பெயர் ஒலித்தது. பெற்றவளைத் தள்ளிவைத்துவிட்டுப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டார்கள். அதற்கும் பிறகு ‘லோயர் டெக்ஸ்’ என்ற நையாண்டித் தொடர் அந்தக் கார்ட்டூனில் வந்த ராட்சத ஸ்போக்கின் (ஸ்போக் கிர்க்கின் சகா) எலும்புக்கூட்டையே ஓர் அரும்பொருள் சேகரிப்பில் நிற்க வைத்துவிட்டது. கேனன் தகராறை இதைவிடச் சுருக்கமாக யாரும் தீர்த்ததாக எனக்குத் தெரியவில்லை. எலும்பு இருக்கிறது, பார்த்துக்கொள்.

‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் பக்கம் போனால் பட்டியலே கிடையாது. பிபிசி எது செல்லும் என்று சொல்வதே இல்லை. அதன் நாயகனான டாக்டர், சாகும் தறுவாயில் வேறு உருவெடுக்கும் காலப் பயணி, அதனால்தான் ஏழாவது, எட்டாவது என்று எண். பால் கார்னெல் 1995இல் ஏழாவது டாக்டரை வைத்து ஒரு நாவல் எழுதினார். 2007இல் அதே கதையைப் பத்தாவது டாக்டருக்கு மாற்றித் தொலைக்காட்சிக்கு அவரே எழுதினார். இரண்டில் எது நடந்தது? இரண்டும்தான், காலப் பயணிக்கு என்ன கஷ்டம். 1996இல் ஒரே ஒரு டிவி படத்தில் வந்துபோன எட்டாவது டாக்டர் அப்புறம் பல வருஷம் ஒலிநாடகங்களில் மட்டும் வாழ்ந்தார். 2013இல் ஒரு குட்டிப் படத்தில் திரும்பி வந்து, சாகும் தறுவாயில் அந்த ஒலிநாடகத் தோழர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். சில வினாடிதான். காதில் ஹெட்போன் மாட்டிப் பத்து வருஷம் கேட்டவனுக்கு அந்தச் சில வினாடி எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சரி, 2014க்கு வருவோம். அந்த அறிவிப்பில் பழையதை ஒதுக்கியதுகூட எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. 2015 படத்தை எழுதுகிறவர் முந்நூறு நாவல் படித்துவிட்டு வா என்றால் ஓடிவிடுவார். புது வீடு கட்ட இடம் வேண்டும். என் மனத்தாங்கல் வேறு. இனிமேல் படம், நாவல், காமிக்ஸ் எல்லாம் ஒரே தட்டு, கதைக் குழு என்று ஒன்று உட்கார்ந்து எல்லாவற்றையும் பொருத்தும் என்றார்கள். எழுத்துகளை எடுத்துவிட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

2015இல் கேனன் ஜாரஸ் என்ற ஜெடாயின் இளமையைப் பற்றி ஒரு காமிக்ஸ் வந்தது (பெயரே கேனன், என்ன செய்ய). அதில் அவன் குருவைப் படைவீரர்கள் எப்படிக் கொன்றார்கள், சிறுவன் எப்படித் தப்பினான் என்பது கட்டம் கட்டமாக இருக்கும். 2021இல் ‘பேட் பேட்ச்’ தொடரின் முதல் எபிசோட் அதே காட்சியை வேறு மாதிரி காட்டியது. இடம் ஒன்று, சாவு ஒன்று, மீதி விவரம் வேறு. அசோகா பற்றிய 2016 நாவலுக்கும் 2022இல் வந்த குறுந்தொடருக்கும் இதே கதை. ஒவ்வொரு முறையும் வென்றது திரைதான். அப்படியானால் தட்டு ஒன்றா இரண்டா? முன்பு அட்டவணையில் ‘சி’ என்று ஓர் எழுத்து இருந்தது. புத்தகம் வாங்குகிறவனுக்குத் தான் எந்த வகுப்பு டிக்கெட் வாங்குகிறான் என்று தெரிந்தது. இப்போது எல்லாப் பெட்டியும் ஒரே வகுப்பு என்று பலகை மாட்டியிருக்கிறது, ஏறிய பிறகு டிடிஆர் வந்து எழுப்புகிறார். கிடங்கில் நான் இப்படி ஒரு பத்தியை எடுத்திருந்தால் மறுநாளே யாராவது தப்பான பேரிங்கை லாரியில் ஏற்றியிருப்பார்கள்.

இதையெல்லாம் அக்கா பையனிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க விளக்கினேன். ‘குளோன் வார்ஸ்’ கார்ட்டூன் முதலில் ‘டி’யாக இருந்து பிறகு எப்படித் தப்பித்தது, 1978இல் ஒரே ஒருமுறை ஒளிபரப்பி ஒளித்து வைத்த பண்டிகை நிகழ்ச்சியில் வந்த சூபாக்கா வீட்டு ‘உயிர்த் திருநாள்’ 2019இல் ‘மாண்டலோரியன்’ தொடரில் எப்படிப் பேச்சோடு பேச்சாக வந்து விழுந்தது, எல்லாம். அவன் போனைப் பார்த்துக்கொண்டே “ம்ம்” கொட்டினான்.

கிளம்பும்போது அலமாரி முன் நின்று, “நிலா விழுற புக் எது?” என்றான்.

லெண்டிங் லைப்ரரி மூடியபோது எடை போட்டு விற்றதில் நான் வாங்கிய அதே பிரதிதான் என்னிடம் இருக்கிறது. பட்டை இல்லாத அட்டை. எடுத்துக் கொடுத்தேன். மூன்று வாரம் பேச்சே இல்லை. அப்புறம் ஒருநாள் அக்கா வந்து கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே, சூயி கையை உயர்த்தி நிற்கிற பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது. ராத்திரி அவனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்.

“மாமா, அந்த அனகின் பையனை ஹான் கடைசி வரைக்கும் மன்னிக்கலையா? ரெண்டாவது பார்ட் இருக்கா உங்ககிட்ட?”

அந்த வரிசையில் மொத்தம் 19 நாவல். என்னிடம் இருப்பது ஆறு. இரண்டாவது இல்லை.